ஒரு டின் சாம்பல்

போன மார்கழியில் ஒரு நாள், விடிவதற்கு முன்பே அம்மா வந்து கதவைத் தட்டினாள். "எழும்பு மக்களே, எங்கயோ சாக்கு கரியுத மணம் வருது."

டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளி அடுக்களைக்குப் பின்னால் போனேன். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பழைய யூரியா சாக்கின் அடிப்பக்கத்தைக் காணோம். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் ஓட்டை, அதன் ஓரமெல்லாம் கறுத்துச் சுருண்டிருந்தது. உள்ளேயிருந்து சாம்பல் சரிந்து கிடந்தது. குச்சியால் கிளறினேன், நடுவில் சுண்டைக்காய் அளவில் நாலைந்து கங்கு, நல்ல சிவப்பில். அங்கிருந்து ஒன்றரை முழம் தள்ளி மழைக்காலத்துக்காக அடுக்கிய கதம்பல் (தேங்காய் உரித்த மட்டை) குவியல். அது பிடித்திருந்தால் அடுக்களைக் கூரையும் போயிருக்கும்.

அந்தச் சாம்பலை நான் சாக்கில் கொட்டி முழுதாக இரண்டு நாள் ஆகியிருந்தது. சும்மா கொட்டவில்லை, கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொட்டினேன். சூடே இல்லை. அதில்தான் ஏமாந்தேன். சாம்பல் சூட்டை வெளியே விடாது. உள்ளே இருக்கும் கங்குக்குக் காற்று கொஞ்சமாகத்தான் கிடைக்கும், அதனால் அது அணையாமல், எரியாமல், பைய உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். மூன்று நான்கு நாள் வரைக்கும்கூட இருக்கும். என் பாட்டி ராத்திரி அடுப்புக் கங்கைச் சாம்பலால் மூடி வைத்துவிட்டு, காலையில் கிளறி, ஒரு சூட்டு ஓலையைக் காட்டி ஊதித்தான் அடுப்பு பற்றவைப்பாள். தீப்பெட்டிக் குச்சி மிச்சம். 'நீறு பூத்த நெருப்பு' என்பதை வாக்கியத்தில் அமைத்து எழுதி மார்க் வாங்கியவன் நான். சாக்கு எரிந்த பிறகுதான் அர்த்தம் புரிந்தது.

சரி, இந்தச் சாம்பல் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறுப் பக்கம். மனைவி ஆர்டருக்கு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் செய்து கொடுக்கிறாள். கல்யாண வீடு, கிறிஸ்துமஸ், பெண் வீட்டிலிருந்து சீர் கொண்டுபோவது என்று சீசனில் கை ஓயாது. சிலிண்டர் கட்டுப்படி ஆகவில்லை. விறகடுப்பில் தீ ஏறி இறங்கினால் முறுக்கு ஒரு ஈடு வெளுப்பாகவும் அடுத்த ஈடு கறுப்பாகவும் வரும். அப்போதுதான் பெல்லட் அடுப்பு வாங்கினோம். மரத்தூளை அழுத்தி, விரலில் பாதிப் பருமனில் குச்சி குச்சியாகச் செய்த பெல்லட்டை உள்ளே கொட்டி, மேலே பற்றவைத்தால் போதும். அடியில் ஒரு சின்ன ஃபேன். திருகைத் திருப்பினால் தீ கூடும், குறையும். புகை கிட்டத்தட்ட இல்லை. சீசன் இல்லாத நாளில் குளிக்க வெந்நீர் போடுவதும் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவிப்பதும் அதில்தான்.

அடுப்பு வந்த நாளிலிருந்து அம்மாவுக்கு அதன் மேல் ஒரு சந்தேகம். "புகையும் இல்ல, சாம்பலும் இல்ல, அதுல என்ன எரியுது?" என்று கேட்பாள்.

சாம்பல் இருந்தது. குறைவு, அவ்வளவுதான். முதலில் வாங்கியது வெளிர்மஞ்சள் நிறப் பெல்லட், பிரித்தால் மரக்கடை வாசம் வரும். 50 கிலோ மூட்டை எரிந்து தீர்ந்ததும் சேர்ந்த சாம்பலைத் தராசில் வைத்தேன், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். சுத்தமான மரம் எரிந்தால் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான் சாம்பல் மிஞ்சும். ஐரோப்பாவில் வீட்டுக்கு விற்கும் முதல் தரப் பெல்லட்டில் சாம்பல் 0.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றே தர விதி இருக்கிறது. பிறகு ஒருமுறை வியாபாரி வேறு மூட்டை இறக்கினார். நிறம் கறுப்பு, விலை கொஞ்சம் குறைவு. அதில் ஒரு மூட்டைக்கு மூன்றரைக் கிலோ சாம்பல். போதாததற்கு அடித்தட்டில் கறுத்த கண்ணாடி மாதிரிக் கட்டி ஒட்டிக்கொண்டது. உளியால் தட்டித்தான் எடுத்தேன். கொட்டைத் தோடு, உமி, வைக்கோல் மாதிரியான சரக்கு கலந்தால் இப்படி ஆகும். உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதிலும் பெரும்பங்கு சிலிக்கா, மணலில் இருக்கிற அதே பொருள். அதோடு பொட்டாசியமும் சேர்ந்தால் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். கண்ணாடி செய்கிற அதே வேலைதான், நம் அடுப்புக்குள் நடக்கிறது. அந்தக் கட்டி மண்ணுக்கும் ஆகாது, பாத்திரத்துக்கும் ஆகாது. குழியில் போட்டு மூடினேன்.

இந்தக் கணக்கெல்லாம் பார்க்க ஆரம்பித்ததற்குக் காரணம் வேறொன்று. சித்தி மகள் ஒருத்தி ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிறாள். அவள் வீட்டில் குளிருக்குப் பெல்லட் அடுப்புதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தபோது சாக்கு எரிந்த கதையைச் சொன்னேன். "அண்ணா, இங்க ஆறின பிறவுதான் தொடணும், மூடி போட்ட தகர வாளியில வச்சிருப்போம், வீட்டுக்கு வெளிய, கல்லுத் தரையில" என்றாள். சாதாரண வாக்குவம் கிளீனரால் சாம்பலை உறிஞ்சக் கூடாதாம். ஒரு பொடிக் கங்கு போனால் போதும், உள்ளே இருக்கும் பை பற்றிக்கொள்ளும். மாவு போன்ற சாம்பல் வடிகட்டியைத் தாண்டி வீடெல்லாம் பறக்கவும் செய்யும். அதற்கென்றே தனி மெஷின் வைத்திருக்கிறாள். ஆறிய சாம்பலைப் பையில் கட்டி, மக்காத குப்பைக்கான தொட்டியில் போட்டுவிடுவார்களாம். மக்கும் குப்பையில் சேர்க்க அங்கே அனுமதியில்லை.

பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு அது தாங்கவில்லை. "சாம்பலைக் குப்பையில போடவா மோளே அவ்வளவு தூரம் போன?"

"இங்க நெலம் எங்க இருக்கு பெரியம்மா? ஐஸ் விழுந்தா மட்டும் வாசப்படியில கொஞ்சம் தூவுவேன், சறுக்காம இருக்கும்."

போனை வைத்த பிறகும் அம்மா அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கணக்கில் சாம்பல் குப்பையில் சேராது. எங்கள் பழைய வீட்டில் அடுக்களைக்குப் பின்னால் சாம்பல் போட ஒரு மூலை இருந்தது. ஓலை சாய்த்து மறைத்திருப்பார்கள், மழை படக் கூடாது. மழை பட்டால் சாம்பலில் இருக்கும் சத்து கரைந்து ஓடிவிடும் என்பது பாட்டிக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சத்துக்குப் பொட்டாஷ் என்று பெயர் என்பதுதான் தெரியாது. பொட்டாஷ் என்ற பெயரே பானையில் காய்ச்சிய சாம்பல் என்ற அர்த்தத்தில் வந்ததுதான். சாம்பலை நீரில் கரைத்து வடித்து, பானையில் வற்றவைத்து எடுத்தார்கள். அதிலிருந்து 1807இல் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தைச் செலுத்திப் பிரித்தெடுத்த உலோகத்துக்குத்தான் பொட்டாசியம் என்று பெயர் வைத்தார்.

அந்த மூலையிலிருந்து சாம்பல் போகாத இடம் கிடையாது. பாத்திரம் விளக்க ஒரு சிரட்டையில் சாம்பலும், பிய்த்த கதம்பல் நாரும் கிணற்றடியில் எப்போதும் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு சாம்பலுக்கு விடுவது சும்மா உரசலால் மட்டுமில்லை. சாம்பல் நீர் காரம், அமிலத்துக்கு நேர் எதிர். காரமும் எண்ணெயும் சேர்ந்தால் கொஞ்சம் சோப்பாகிறது. பித்தளைக்கு மட்டும் புளி, ஏனென்றால் களிம்பைக் கரைக்க அமிலம் வேண்டும். அலுமினியச் சருவத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கறுக்க வைத்ததற்காக என் அக்கா வாங்கிய ஏச்சு இன்னும் ஞாபகம் இருக்கிறது. காரம் அலுமினியத்தைத் தின்னும். காலையில் பனி காயுமுன்னே பயற்றங்கொடியில் அசுவினிப் பூச்சி இருக்கும் இடமாகப் பார்த்துத் தூவுவார்கள். பனி ஈரத்தில்தான் ஒட்டும். விதைப் பயறு போட்ட பானையிலும் சாம்பல் கலந்து வைப்பார்கள். வண்டின் மேல்தோலை அது உரசி, ஈரத்தை உறிஞ்சிவிடும்.

மாசியில் சேனை நடுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. அம்மா முற்றத்தில் சாக்கை விரித்து உட்காருவாள். முழுச் சேனையை, நடுமுளையில் ஒரு துண்டாவது ஒவ்வொரு பங்கிலும் வருகிற மாதிரி, கேக் வெட்டுவது போல வெட்டுவாள். வெட்டிய முகம் இளஞ்சிவப்பாக, பால் கசிந்து, தொட்டால் கை அரிக்கும். பக்கத்தில் ஒரு பழைய சட்டியில் சாணிக் கரைசல், அதில் இரண்டு சிரட்டை சாம்பல் போட்டுக் கலக்கியிருப்பாள். பதம், தோசை மாவை விடக் கொஞ்சம் தண்ணியாக. துண்டை முக்கி எடுத்து, வழிவதை விளிம்பில் ஒருமுறை தட்டி, வெட்டு முகம் மேலே பார்க்கத் திண்ணை நிழலில் வரிசையாக வைப்பாள். சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் கட்டியிருக்கும். அழுகல் ஏறாமல் இருக்க அதுதான் மருந்து. பெரும்பாலும் அதே வாரங்களில்தான், கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனும் வரும். போன வருஷத்துக் குருத்தோலையைச் சிலுவைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். அதை எரித்த சாம்பல் எங்கள் நெற்றிக்குத் திரும்பி வரும். அம்மா நெற்றியில் அந்தச் சிலுவையோடு வந்து, கையில் இந்தச் சாம்பலோடு உட்கார்ந்திருப்பாள்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவனுக்குத் தலைக்கனம் வரும்தானே. எனக்கும் வந்தது. பெல்லட் சாம்பல் கையில் இருக்கிறது, பின்னால் பதினொரு தென்னை இருக்கிறது, இனி உரக்கடைக்குப் போக வேண்டாம் என்று நினைத்தேன். ஒரு நாள் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டதும் அது இறங்கிவிட்டது. காய்க்கும் தென்னை ஒன்றுக்கு வருஷம் 1,200 கிராம் பொட்டாஷ் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. கடையில் வாங்கும் மூரியேட் ஆஃப் பொட்டாஷ் இரண்டு கிலோவில் அது கிடைத்துவிடும். மரச் சாம்பலில் பொட்டாஷ் நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு தென்னைக்கு 24 கிலோ சாம்பல் வேண்டும். நூறு கிலோ பெல்லட்டுக்கு ஒரு கிலோ சாம்பல் என்றால் 2,400 கிலோ பெல்லட், அதாவது 48 மூட்டை. எங்களுக்கு ஒரு மூட்டை மூன்று வாரம் வரும். ஏறக்குறைய மூன்று வருஷம் அடுப்பெரித்தால் ஒரு மரத்தின் ஒரு வருஷத் தேவை தீரும். மனைவி சிரித்தாள். "அதுக்குள்ள நான் சுட்ட முறுக்குல வேற தோப்பே வாங்கிரலாம்."

அப்படியானால் பழைய வீட்டில் அடுக்களையை ஒட்டி நின்ற தென்னை மட்டும் எப்படி அவ்வளவு காய்த்தது? அந்தக் காலத்தில் ஒரு நாளைக்குப் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் எரியும். எரிந்ததும் வெறும் மரம் இல்லை. கதம்பல், மட்டை, கொதும்பு, சில்லாட்டை, எல்லாம் தென்னையிலிருந்தே வந்தவை. கதம்பல் சாம்பலில் மரச் சாம்பலைவிடப் பொட்டாஷ் பல மடங்கு அதிகம். தென்னை மண்ணிலிருந்து எடுத்ததை அடுப்பு வழியாகத் தென்னைக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கூடவே பாத்திரம் கழுவிய தண்ணீரும் அந்தத் தூரில்தான் விழுந்தது. மரக்கடைத் தூளில் செய்த பெல்லட் சாம்பலைப் போட்டுவிட்டு அதே காய்ப்பை எதிர்பார்த்தது என் தப்பு.

ஆனாலும் இந்தச் சாம்பலில் பெரும்பங்கு வேறொன்று இருக்கிறது, சுண்ணாம்பு. மரச் சாம்பலில் நூற்றுக்கு இருபத்தைந்து முதல் நாற்பத்தைந்து வரை கால்சியம் கார்பனேட் இருக்கும். நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில், இரண்டு பருவமழையும் அடித்துக் கழுவிய செம்மண் பெரும்பாலும் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை கூடியது. அங்கே ஒரு சென்ட்டுக்கு வருஷத்துக்கு நாலு கிலோ அளவில், மண்ணில் கொத்திவிட்டால் புளிப்பு கொஞ்சம் தணியும். மரச்சீனிக்கும் வாழைக்கும் நல்லது. அன்னாசிக்குப் போடக் கூடாது, அதற்குப் புளிப்பு மண்தான் வேண்டும். கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் இருப்பவர்கள் மண்ணைச் சோதித்துப் பார்க்காமல் கொட்ட வேண்டாம். அதிகமானால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை சாட்சி. தொடக்கத்தில் மூன்று மாதச் சாம்பலையும் அதன் தூரிலேயே தட்டினேன். வாளி தூக்கி நடக்கச் சோம்பல், வேறென்ன. குருத்து இலையெல்லாம் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. மண் காரமானால் இரும்புச் சத்து மண்ணிலேயே இருந்தாலும் வேர் எடுக்க முடியாது. இன்னும் முழுதாகத் தேறவில்லை. மனைவி இப்போது பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்டு வாங்குகிறாள்.

இன்னொன்றும் செய்தேன். ஏத்தன் வாழைக்குக் காம்ப்ளெக்ஸ் உரம் வைக்கும் நாளில், சாம்பலையும் அதோடு சேர்த்தால் ஒரு வேலை மிச்சம் என்று இரண்டையும் ஒரே சட்டியில் போட்டு, பறக்காமல் இருக்கக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசறினேன். குனிந்திருந்த முகத்தில் சுருக்கென்று அடித்தது பாருங்கள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. பஸ் ஸ்டாண்டு மூத்திரப்புரை நாத்தம். அம்மோனியா. உரத்தில் இருந்த தழைச்சத்து (நைட்ரஜன்), காசு கொடுத்து வாங்கியது, என் மூக்கு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பலின் சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத பொருளாக மாறிவிடும். புதுச் சாணி, கோழி எரு எதனோடும் சாம்பலை நேராகக் கலக்கக் கூடாது. சேனை முக்குகிற கதை வேறு, அங்கே நாம் உரத்துக்காகக் கலப்பதில்லை. இப்போது சாம்பல் வைத்து இரண்டு மூன்று வாரம் விட்டுத்தான் உரம் வைக்கிறேன்.

இவ்வளவுக்கும் மேலாக எனக்கு இன்னும் தீராதது, அந்தப் பெல்லட்டுக்குள் என்ன இருந்தது என்ற கேள்விதான். நம் ஊரில் தூள் என்றால் பெரும்பாலும் ரப்பர் மரத் தூள். மரம் அறுக்கும் மில்லில் விழும் பச்சைத் தூளில் பயமில்லை. ஆனால் சாமான் செய்யும் ரப்பர் பலகையை வண்டும் பூஞ்சையும் பிடிக்காமல் இருக்க போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலில் ஊறவைப்பார்கள். அதை இழைத்த தூள் எரிந்தாலும் போரான் எரிந்து போகாது, சாம்பலில் நிற்கும். செடிக்குப் போரான் துளியளவு வேண்டும், கொஞ்சம் கூடினால் இலை ஓரம் கருகும். பிளைவுட் தூளும் பெயின்ட் அடித்த பலகைத் தூளும் அதைவிட மோசம். வியாபாரியிடம் கேட்டேன். "எல்லாம் நல்ல தூளுதான் சார்" என்றார். அவருக்கும் மில்லிலிருந்து வருவதுதான். அதனால் ஊர் மில்லில் பச்சைத் தூளை நேரில் பார்த்து அடிக்கச் சொன்ன மூட்டைச் சாம்பல் மட்டும்தான் வாழைக்கும் மரச்சீனிக்கும் போகிறது. மற்றது, குறிப்பாகக் கறுப்பு மூட்டைச் சாம்பல், கீரைப்பாத்திக்கோ கிணற்றடிக்கோ போகாது. முன்வாசல் பக்கம் மதிலோரம், எதுவும் நடாத இடத்தில் குழி எடுத்து மூடுகிறேன்.

அடுப்பு ஆறியதும் சாம்பல் இப்போது போவது பதினைந்து கிலோ எண்ணெய் டின்னுக்குள். முறுக்கு சுடுகிற வீட்டில் அதற்கா பஞ்சம்? மேல்பக்கம் வெட்டிய டின், அதன் மேல் பழைய ஓடு ஒன்று, ஓட்டின் மேல் ஒரு கல். கதம்பல் குவியலிலிருந்து நன்றாகத் தள்ளி, வெறுந்தரையில் நிற்கிறது. ஒரு வாரம் கழித்துத்தான் திறப்பேன். பிறகு காற்றில்லாத நேரமாகப் பார்த்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சலிப்பேன். சல்லடையில் தங்கும் கரித்துண்டுகளை மனைவி பூச்சட்டிக்கு எடுத்துக்கொள்வாள்.

போன வாரம் குழித்துறைப் பக்கமிருந்து வரும்போது இரண்டு வரால் வாங்கி வந்தேன். உயிரோடு, பையை உதைத்துக்கொண்டு இருந்தது. வரால் கைக்குள் நிற்காது, சாம்பல் இல்லாமல் அதை அறுக்கவே முடியாது. டின்னைத் திறந்து, மாவு மாதிரிச் சலித்து வைத்திருந்ததில் ஒரு சிரட்டை அள்ளிக் கிணற்றடியில் அம்மா முன்னால் வைத்தேன். பச்சை மரத்தூள் சாம்பல், நானே பார்த்து வாங்கியது என்றும் சொன்னேன்.

அம்மா சிரட்டையை இரண்டு விரலால் தள்ளி வைத்தாள். "இது ஒனக்க மெஷினு சாம்பல். வாழைக்குப் போடு." எழுந்து போய் வெளி அடுக்களை மூலையில், அரிசிச் சாக்குக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தாள். முக்கால்வாசி சாம்பல். நாங்கள் இல்லாத நேரம் பார்த்துப் பழைய கல்லடுப்பில் கதம்பல் எரித்துச் சேர்த்திருக்கிறாள். ஒரு பிடி அள்ளி மீன் மேல் போட்டு, தலைக்குப் பின்னால் அழுத்திப் பிடித்தாள். வழுவழுப்பெல்லாம் போய், வரால் அவள் கைக்குள் அப்படியே நின்றது.

"கத்தியை எடு" என்றாள்.